கூட்டாளிக்கு மேல் இருபது

கேரட் லாரி மலையிறங்கிப் போய்விட்டால் நாயுடுபுரம் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை கிடையாது. பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சாக்கை விரித்து, நாலு பேர் இருபத்தெட்டு ஆட உட்கார்ந்துவிடுவார்கள். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிதான் பெரிய சீட்டு, அதற்கு மூன்று புள்ளி; ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, எல்லாம் சேர்ந்தால் இருபத்தெட்டு. ஆளுக்கு நாலு சீட்டு விழுந்ததும் கேள்வி தொடங்கும். 'நாங்கள் இத்தனை புள்ளி எடுத்துக் காட்டுகிறோம்' என்று மேலே மேலே கேட்கவேண்டும். கடைசியாகக் கேட்டவன், ஆர்ட்டினோ கிளாவரோ, துருப்பு எதுவென்று தன் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பான். மீதி நாலு சீட்டு அதற்குப் பிறகுதான்.

தங்கமுத்துவுக்குக் கூட்டாளி சிவமுருகன். ஒன்றாக மூட்டை தூக்க வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஆட்டத்தில் மூளை சிவமுருகனுடையது. கேட்கப் பயந்து தங்கமுத்து கையைச் சுருக்கும்போதெல்லாம் அவன் திட்டுவான். "ஏலே, நாலு சீட்டு ஒன் கையில. மிச்சத்துக்கு எதுத்தாப்புல நான் எதுக்குலே உக்காந்திருக்கேன்? என்னைய நம்பிக் கேளுலே."

போன மழைக்கு லாரி உச்சியிலிருந்து வழுக்கி விழுந்ததில் சிவமுருகனுக்கு மண்டையில் அடி. காயம் ஆறிவிட்டது. ஞாபகம்தான் மலைமேல் மேகம் மாதிரி வந்து வந்து போனது. அதன்பிறகு மூட்டை தூக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் மத்தியானம் ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு அட்டுவம்பட்டியிலிருந்து நடந்தே வந்துவிடுவான்.

ஒருநாள் தானே கவிழ்த்து வைத்த துருப்பை, "யார்றா வச்சது?" என்று கேட்டான். இன்னொரு நாள் கையில் ஜாக்கியை வைத்துக்கொண்டே, விழுந்த நாலு சீட்டையும் அள்ளாமல் எதிராளிக்குப் பிடியை விட்டான். எதிரணியில் ஆடுகிற மனோஜ்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"தங்கமுத்தண்ணே, கோவிச்சுக்கிடாதீக. ஆடக் காத்துக்கிட்டு ஆளு கெடக்கு. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, அந்த எடத்துல வேற ஆளப் போட்ருவோம்."

அன்று சாயங்காலம் சிவமுருகனின் மனைவி முருகேஸ்வரி கடைத்தெருவில் தங்கமுத்துவைப் பார்த்தாள். விசயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"அண்ணே, வீட்ல அவரு பேசுறதே இல்ல. சீட்டாடப் போற நேரம் வந்தாத்தான் மொகத்தக் கழுவுறாரு. அந்த எடம் போச்சுன்னா மனுசன் படுத்துக்கிருவாரு. விட்ராதீகண்ணே."

"நா இருக்கேன்ல தாயி. போ."

சொல்லிவிட்டானே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாயில் சீட்டைப் பரப்பி, தனக்குத் தானே நாலு பேராக ஆடிப் பார்த்தான். எந்த ஜாக்கி போயிற்று, எந்த ஒன்பது இன்னும் வெளியே வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனசில் ஏற்றினான். மூட்டை சுமந்த உடம்பு வலித்தது. இனி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தலையில் ஞாபகம் வைக்கவேண்டும். சிவமுருகன் கேள்வியை எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், துருப்பை மறக்கிற பேச்சே வராது. இதுதான் அவன் போட்ட கணக்கு.

மறுநாள் மத்தியானமே மேகம் இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. ஆட்டம் சமமாக வந்து கடைசிக் கையில் நின்றது. நாலு சீட்டு விழுந்தது. தங்கமுத்துவுக்குக் கிளாவரில் ஜாக்கியும் ஒன்பதும். மற்ற இரண்டும் வெத்து.

மனோஜ்குமார் பதினாறு என்றான். சிவமுருகன் பதினேழு என்றான்.

"பதினெட்டு," என்றான் மனோஜ்குமார்.

"பத்தொம்பது."

மனோஜ்குமார் பாஸ் சொல்லிவிட்டான். சிவமுருகன் சீட்டைக் கவிழ்க்க வேண்டியதுதான். அவன் கவிழ்க்கவில்லை. கையைப் பார்த்தான். அப்புறம் வெளியே மேகத்தைப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. மனோஜ்குமார் தன் கூட்டாளியைப் பார்த்துக் கண் சிமிட்டுவது தங்கமுத்துவுக்குத் தெரிந்தது.

"இருபது," என்றான் தங்கமுத்து.

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. கூட்டாளி கேட்டதற்கு மேல் கேட்கலாம், இருபதுக்குக் குறையாமல் கேட்கவேண்டும் என்று ஆட்டத்தில் விதி உண்டு. ஆனால் கை நிறைய ஜாக்கி இல்லாமல் அந்தக் கொட்டகையில் எவனும் அதைச் செய்ததில்லை. உன் கேள்வியை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற காரியம் அது.

"அடேயப்பா! சொந்தக் கூட்டாளி தோள்மேலேயே ஏறி மிதிச்சுட்டீகளேண்ணே," என்று மனோஜ்குமார் சிரித்தான்.

சிவமுருகன் சிரிக்கவில்லை. தங்கமுத்து கிளாவரைக் கவிழ்த்து வைத்தான். மீதிச் சீட்டு விழுந்தது. சிவமுருகன் ஒரு பிடிகூடத் தவறவிடவில்லை. எடுக்கவேண்டிய இடத்தில் எடுத்தான். தங்கமுத்து வாங்குகிற பிடியில் புள்ளிச் சீட்டாகப் பார்த்துப் போட்டான். எண்ணியபோது இருபத்திரண்டு இருந்தது.

"செயிச்சுட்டோம்லே!" தங்கமுத்து அவன் தொடையில் தட்டினான். "இனி எவனும் ஒன் எடத்தத் தொட முடியாது."

சிவமுருகன் விழுந்து கிடந்த சீட்டுகளிலிருந்து மூன்றைப் பொறுக்கிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தான். ஆர்ட்டின் ஜாக்கி. ஆர்ட்டின் ஒன்பது. ஆர்ட்டின் ஆசு.

"மொத நாலுலேயே இது மூணும் வந்துருச்சு," என்றான். குரலில் கோபம் இல்லை. "துருப்பு ஆர்ட்டின், துருப்பு ஆர்ட்டின்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன்லே. மறந்துரக் கூடாதுல்ல? அதான் செத்த நேரம் ஆயிருச்சு."

தங்கமுத்து சீட்டுகளை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தான். அட்டுவம்பட்டிக்குப் போகிற பாதையில் மேகம் கனத்துக் கிடந்தது. "இருலே, சேந்து போவோம்," என்று அவன் சொல்வதற்குள் சிவமுருகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

அடுத்த இரண்டு நாள் அவன் வரவில்லை. தங்கமுத்து வீட்டுக்கே போனான். சிவமுருகன் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். முருகேஸ்வரி காப்பி கொடுத்தாள்.

"அன்னிக்கு நா கேட்டது தப்புலே," என்றான் தங்கமுத்து. "பயந்துட்டேன். ஒனக்காகத்தான் பயந்தேன்."

"தெரியும்லே. கோவமெல்லாம் இல்ல." பீன்ஸிலிருந்து அவன் தலையை எடுக்கவில்லை. "எனக்கே என் மேல சந்தேகம் உண்டு. ஒனக்கு இல்லன்னு நெனச்சுக்கிட்டு வந்து உக்காந்துக்கிட்டிருந்தேன். அம்புட்டுத்தான்."

மறுநாள் வந்தான். முகம் கழுவி, சட்டை மாற்றி, நேரத்துக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். நாலு சீட்டை எடுத்துப் பார்த்தான்.

"பாஸ்."

அடுத்த கையும் பாஸ். அதற்கடுத்ததும் பாஸ். நாலு நாள் போயிற்று. போடவேண்டிய சீட்டை ஒழுங்காகப் போட்டான். ஒரு தப்பும் வரவில்லை.

"இப்பத்தான் அண்ணன் தெளிவா ஆடுறாரு," என்றான் மனோஜ்குமார். நல்ல மனசோடுதான் சொன்னான். கடைத்தெருவில் முருகேஸ்வரி கைகூட எடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு கையில் சிவமுருகன் பாஸ் சொன்னபிறகு, அவனிடமிருந்து விழுந்த சீட்டுகளைத் தங்கமுத்து கவனித்தான். இஸ்பேட் ஜாக்கி விழுந்தது. இஸ்பேட் ஒன்பது விழுந்தது. பின்னாலேயே ஆசும் பத்தும் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு இருபது கேட்கிற கை.

"கேட்ருக்கலாமேலே?" என்றான் தங்கமுத்து மெதுவாக.

"நீ இருக்கேல்ல," என்றான் சிவமுருகன். "வெரசா கலச்சுப் போடு, மழ வருது."

தங்கமுத்து கலைத்துப் போட்டான். சிவமுருகன் தன் நாலு சீட்டையும் எடுத்து அடுக்கி, எதிரே பார்க்காமல், தன் முறைக்காகக் காத்திருந்தான்.