டாக்டர் வந்தால் எழும் கணினி

குடும்பத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். உண்மையில் அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். ஆனால் உறவுக்காரர் யார் வீட்டிலாவது பழைய கணினி மூச்சு வாங்க ஆரம்பித்தால் அவனுக்குத்தான் ஃபோன் வரும். அவனும் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவான். அதில் கணினியை இயக்குகிற லினக்ஸ் என்ற மென்பொருள் இருந்தது. காசு கேட்காத, கிழட்டு இயந்திரத்தையும் கைபிடித்து நடக்க வைக்கிற லினக்ஸ். அதை நிறுவித் தர அவனும் காசு வாங்கமாட்டான். கணினி எழுந்து உட்காரும்போது சுற்றி நிற்கிறவர்கள் "அட!" என்று வாய் திறக்கவேண்டும், அவ்வளவுதான் அவன் கூலி. அதற்காக எத்தனை மாடியும் ஏறுவான், பாவம்.

அண்ணன் வீட்டுக் கணினிக்கும் அப்படித்தான் போனான். அதைப் பயன்படுத்துகிறவள் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவள் அவள். பிள்ளைகள் படிப்பென்றும் வேலையென்றும் வெளியூர் போய்விட்டபிறகு, யாரிடமும் சொல்லாமல் ஓர் அச்சகத்தில் ஏறி வேலை கேட்டாள். கையால் எழுதியதை வீட்டில் வைத்துத் தட்டச்சு செய்து தரும் வேலை. முதலில் அழைப்பிதழ், துண்டறிக்கை என்று சில்லறையாக வந்தது. இப்போதுதான் முதல்முறையாக ஒரு முழுப் புத்தகத்தை நம்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதக் கட்டைச் சாப்பாட்டு மேசைப் பக்கமே அண்டவிடமாட்டாள். யாராவது எண்ணெய்க் கையோடு தொட்டுவிடுவார்களாம்.

கணினியோ ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் ஒரு துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடலாம் என்கிற வேகத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்து, அவள் கோப்புகளைப் பத்திரமாக நகலெடுத்து வைத்துவிட்டு, பழையதைத் துடைத்துப் போட்டுப் புதியதை ஏற்றினான். நடுநடுவே திரை ஏதேதோ கேட்டது. அண்ணனுடன் அரட்டையடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆம், ஆம் என்று தட்டினான். மதியத்துக்குள் கணினி துள்ளி ஓடியது. கோப்புகளையும் திரும்ப உள்ளே வைத்துக் கொடுத்தான். அண்ணி ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவன் பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான்.

மறுநாள் காலையில் அவளிடமிருந்து ஃபோன். திரை கறுப்பாக நிற்கிறது, எழவே மாட்டேன் என்கிறது.

கடை முடிந்து போனான். உட்காருவதற்கு முன்பே பென் டிரைவைச் செருகினான். அது அவன் பழக்கம். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்ததும் குழாயைக் காதில் மாட்டிக்கொள்வதில்லையா, அதுபோல. பிறகு பொத்தானை அழுத்தினான். கணினி சமர்த்தாக எழுந்து அண்ணியின் கோப்புகளைக் காட்டியது. பென் டிரைவுக்கென்று ஒரு தொடக்கப் பட்டியல் உண்டு, அது வரவில்லை. கணினிக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் வட்டு தானாகவே முந்திக்கொண்டு எழுந்துவிட்டது என்று நினைத்தான்.

"என்ன அழுத்துனீங்க அண்ணி?"

"ஒண்ணுமே அழுத்தல தம்பி. பட்டனப் போட்டேன், அவ்வளவுதான்."

"பட்டன மட்டும் போட்டா இப்படி ஆகாதே?"

"டேய், இவ மிக்ஸியப் போட்டாலே ஃபியூஸ் போயிடும்டா," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அவன் போனான், கணினி படுத்தது. வந்தான், எழுந்தது. மூன்றாவது தடவை, அண்ணன் வீட்டிலேயே இருக்கிற அவனுடைய அம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். "அவன் வந்தா எந்திரிக்குது, அவன் போனா படுத்துக்குது. ஆளப் பாத்துத்தான் நடக்குது போலிருக்கும்மா," என்று மருமகளிடம் சொன்னாள்.

கடையில் அன்று பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவன். எரிச்சல் வாய்க்கு வந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. இதெல்லாம் ஒரு கைப்பழக்கம். சில பேருக்கு வராது. வராததுல போய் ஏன் தலையக் குடுக்கறீங்க?"

அண்ணி தலையாட்டினாள். மடியில் கிடந்த தன் கைகளை, யாரோ கொடுத்துவிட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் காகிதக் கட்டை அச்சகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று அண்ணன் சொன்னான். "நல்லதாப் போச்சுடா, தலவலி விட்டுச்சு."

அவனும் சரிதான் என்று நினைத்துக்கொண்டான். கடையில் கல்லாவில் உட்காருகிறவரின் வீட்டுக்கு லினக்ஸ் போடப் போகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அங்கே பென் டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் வழக்கமான பட்டியல் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நின்றது. ஒரு நீண்ட எண்ணைச் சொல்லி, இந்த அடையாளமுள்ள வட்டைக் காணோம் என்றது.

"என்னங்க, எங்க வீட்டு கம்ப்யூட்டர் டாக்டரையே பயமுறுத்துது?" என்றார் கல்லாக்காரர்.

அவன் அந்த வரியை மறுபடியும் படித்தான். காணாமல்போன எந்த வட்டை இந்தப் பென் டிரைவ் தேடுகிறது என்று யோசித்தவனுக்கு அண்ணன் வீடு நினைவுக்கு வந்தது. கணினியைப் போட்டதும் வட்டில் தூங்குகிறதைப் போய்த் தட்டி எழுப்புவதற்கென்று ஒரு சின்ன நிரல் உண்டு. அதை இந்த இடத்தில் எழுதட்டுமா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை திரை கேட்டிருக்கிறது. அவன் அரட்டையில் ஆம் என்று தட்டியிருக்கிறான். அது அண்ணியின் வட்டில் எழுதப்படாமல் அவனுடைய பென் டிரைவில் எழுதப்பட்டுவிட்டது. வீட்டைக் கட்டிக் கொடுத்தவன் வாசற்கதவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததுபோல. வரும்போதெல்லாம் கதவைக் கொண்டுவந்தான், போகும்போதெல்லாம் கொண்டுபோனான். உள்ளே போகத் தெரியவில்லை என்று அவளைத் திட்டியும் வைத்தான்.

வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்பிவிட்டான்.

அண்ணி வீட்டுக்கு எப்போது போவது என்று அவன் நேரம் பார்த்த விதத்தைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும், கோபமும் வரும். வேலை நாளில், மதியத்துக்குமேல், கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு போனான். அண்ணன் அலுவலகத்தில் இருப்பான். அம்மா பக்கத்து வீட்டில் கதை பேசிக்கொண்டிருப்பாள். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வந்துவிடலாம்.

கணினியின்மேல் ஒரு பழைய துப்பட்டா போர்த்தியிருந்தது. வேறொரு பென் டிரைவால் எழுப்பி, அந்தச் சின்ன நிரலை வட்டில், அது இருக்கவேண்டிய இடத்தில் எழுதினான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். எழுந்தது.

அண்ணி அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கிட்ட வரலாமா தம்பி? நான் வந்தா மறுபடியும் படுத்துக்கப் போகுது."

அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் என்ன பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க தம்பி. இனிமே அதத் தொடாம இருந்துக்கறேன்."

"அது வந்து அண்ணி... கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினதுல..."

"அப்ப பட்டனப் போடறதுக்கு முன்னாடி நான் கரண்ட்டப் பாத்திருக்கணும், இல்ல?"

எந்தப் பொய்யைக் கொடுத்தாலும் அதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக நின்றாள். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

"இல்ல அண்ணி. உங்க தப்பு எதுவுமே இல்ல. நான்தான்."

கதவு, சட்டைப் பை எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணல அண்ணி."

"பட்டனப் போட்டேன்."

"ஆமா."

அண்ணி கணினித் திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "எனக்கு வராதுன்னு எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க தம்பி. இத மட்டும் யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்க."

அவன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

"அத்தை இப்ப வந்துடுவாங்க. அவர் சாயங்காலம் வருவார். உக்காருங்க, டீ போடறேன்."

அந்த டீயைக் குடித்துவிட்டு அவன் காத்திருந்தான். என் கண்ணுகளா, ஒருவர் திட்டினால் எழுந்து போய்விடலாம். டீ போட்டுக் கொடுத்து உட்காரச் சொன்னால் எங்கே போவது?

சாயங்காலம் நால்வரும் இருக்கும்போது சொன்னான். அம்மா "அடப்பாவி!" என்றாள். அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆபரேஷன் பண்ற டாக்டர் கத்திரிய உள்ள வெச்சுத் தைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ இதயத்தையே பையில போட்டுட்டுப் போயிருக்கியேடா!"

அண்ணி சிரிக்கவில்லை. "மிக்ஸி ஃபியூஸ் போனதுக்கும் நான் காரணம் இல்ல. அது பழைய மிக்ஸி," என்றாள். அண்ணன் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

பிறகு அவள் தன் ஃபோனில் ஒரு எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அவனிடம் நீட்டினாள். "அச்சகம். கட்டத் திருப்பிக் குடுக்கும்போது, எனக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு என் வாயாலயே சொல்லிட்டு வந்தேன். அத நீங்க மாத்திச் சொல்லுங்க."

சொன்னான். அச்சகக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் புத்தகம் வேற ஒருத்தர்கிட்ட போயிடுச்சேங்க. பாதி முடிச்சிட்டாங்க. அன்னிக்கே எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. அவங்க அடிச்சதுல திருத்தறதுக்கு எனக்கு வேலையே இருக்காது. வராதுன்னு எந்த மகராசன் சொன்னான்?"

"நான்தாங்க."

"நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரா?"

"இல்லங்க," என்றான். "கண்ணாடிக் கடையில லென்ஸ் மாட்டறேன்."

அண்ணி ஃபோனை வாங்கிக்கொண்டாள். "சார், அடுத்த புத்தகம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே கணினி இருந்த அறைக்குள் போனாள்.

அவன் கூடத்திலேயே நின்றான். வரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. போயிட்டு வாங்க என்று அவளும் சொல்லவில்லை.