கூட்டிச் சொன்ன ஒன்பது வயது

எந்தச் சனியன் அன்றைக்கு என் நாக்கில் உட்கார்ந்ததோ! பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் திருமானூர் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுத்தார்கள். வயதைக் கூட்டிச் சொன்னால் முதியோர் பென்ஷன் சீக்கிரம் வரும் என்று தெருவே பேசியது. என் வீட்டுக்காரர் மாயவனை மூன்று வாரம் சவரம் செய்ய விடவில்லை நான். நரைத்த தாடியோடு போட்டோவுக்கு உட்கார வைத்து, நாற்பத்தாறு வயது மனுஷனுக்கு ஐம்பத்தைந்து என்று எழுத வைத்தேன். பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஆள், யார் கேட்பது? பென்ஷனும் வந்தது. என்னைப் போல கெட்டிக்காரி உண்டா என்று திரிந்தேன்.

அவர் இருபது வருடம் சுண்ணாம்புக்கல் வெட்டியவர். இப்போது கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறார். நுரையீரல் தழும்பேறிவிட்டதாம். பெரம்பலூரில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி ஒன்றில் புது மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் மேகலா பொறுமையாகச் சொன்னார்.

"இது ஆராய்ச்சிம்மா. இந்த மருந்து கேக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு பாக்க அதே மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, கம்ப்யூட்டர் பிரிக்கும். இப்ப சாப்பிடுற மருந்தை யாருக்கும் நிறுத்த மாட்டோம். வேணாம்னா எப்ப வேணாலும் விலகிக்கலாம்."

"வெறும் மாத்திரையா? மனுஷன் மூச்சோட வெளையாடுறீங்களா?" என்று சீறினேன்.

"உரம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே உரம் வேலை செஞ்சுதான்னு தெரியும்?"

அது எனக்குப் புரிந்தது. பாதி வாய்ப்பாவது இருக்கிறதே. ஊதச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக நர்ஸ் வளர்மதி ஆதார் கேட்டாள். பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"அறுபத்தேழுங்களா? அறுபத்தஞ்சு வரைக்கும்தான் எடுப்பாங்க."

"அய்யோ, பொய்ம்மா அது! நான் சொன்ன பொய்! அவருக்கு அம்பத்தெட்டுதான்!"

டாக்டர் அதிர்ந்து பார்த்தார். "வயசானவங்களுக்கு இந்த மருந்து ஈரலைக் கெடுக்குமான்னு இன்னும் தெரியல. அதுக்குத்தான் இந்த வரம்பு. சான்று இல்லாம நான் மாத்தி எழுதினா மொத்த ஆராய்ச்சியும் பொய்யாயிடும். வெள்ளிக்கிழமையோட ஆள் சேர்க்குறது முடியுது. பிறந்ததுக்கு ஏதாவது காகிதம் கொண்டாங்க."

காகிதத்துக்கு நான் எங்கே போவேன்? அரியலூர் தாலுகா ஆபீசில் மாதக்கணக்காகும் என்றார்கள். பென்ஷன் மொத்தத்தையும் பிடுங்கிக்கொள்ளுங்கள், வயதை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று அழுதேன். பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருக்கு நானே மழமழவென்று சவரம் செய்துவிட்டேன். அவருடைய அண்ணன் சாமிக்கண்ணு மாமாவையும் கூட்டிக்கொண்டேன். மாமா அஞ்சாவது படித்தவர், பள்ளிக்கூடச் சான்று இருக்கிறது. அவரை டாக்டர் முன்னால் நிறுத்தினேன்.

"இவருக்கு அறுபத்தொண்ணு. கூடப்பொறந்த அண்ணன். அண்ணனுக்கு அறுபத்தொண்ணுன்னா தம்பிக்கு எப்படிம்மா அறுபத்தேழு வரும்?"

டாக்டர் அந்தச் சான்றையே வெகுநேரம் பார்த்தார். யாருக்கோ போன் போட்டு எங்களுக்காகக் கெஞ்சிப் பேசினார். பிறகு போனை வைத்துவிட்டார்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்மா. ஆனா இது அவரோட வயசுக்குச் சான்று ஆகாதுங்கறாங்க. வைத்தியத்தை நாங்க கைவிட மாட்டோம். வேற ஆராய்ச்சி வந்தா கூப்பிடுறேன்."

"எப்பம்மா வரும்?"

"தெரியாது."

டாக்டர் காலில் விழுந்தேன். அவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனுஷனுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, காயிதப்படி நாந்தான மூத்தவன். முன்னால போறது மொறதானே."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு மூன்று தடவை அறுந்தது. மாமா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் என் மனுஷன் முகத்தைப் பார்த்தேன். தாடி இல்லாமலே அறுபத்தேழு தெரிந்தது.