தம்பியின் ரத்தம்

ரத்தம் குறைந்தால் உலகம் அழகாகிவிடும். யாரும் இதை வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும் கரும்பு வயல்கள் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி, பஸ்ஸோடு கூடவே மிதந்து வரும். கண்டக்டரின் விசில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பேசுகிறவர்களின் உதடு முதலில் அசையும், சத்தம் ஆற அமர வந்து சேரும். பயப்பட வேண்டிய நேரம்தான். எனக்கோ சுகமாக இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு விதைக்கடையில் எனக்கு வேலை. கலைமதிக்கு, அதாவது எனக்கு, ரத்தசோகை என்று கடை முழுக்கப் பேச்சு. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேப்பைக் களி என்று நானும் தின்று பார்த்தேன். கணவர் மஸ்கட்டில் இருப்பதால் பொறுப்பை என் தம்பி அறிவுச்செல்வன் எடுத்துக்கொண்டான். கோலியனூரில் நிலம் பார்க்கிறவன். ஞாயிறு தவறாமல் கறிக்கடை வாசலில் நின்று சுவரொட்டி வாங்கி வருவான். ஆட்டின் மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வார்கள். தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தூவி, நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

"துன்னுக்கா. ரத்தம் எப்படி ஊறுது பாரு."

ஊறவில்லை. கைகால்களில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் வந்தன. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் கசிந்தது. கடைசியில் விழுப்புரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். வலிக்கு நடுவிலும் கனவு விடவில்லை. குப்புறப் படுத்தபடி, என் எலும்புக்குள் யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு அறை அறையாகத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பான்சைட்டோபீனியா. ஹைப்போசெல்லுலர் மேரோ. அப்ளாஸ்டிக் அனீமியா. எங்கள் கடையில் விற்கும் பூச்சிமருந்து டப்பாக்களில்தான் இப்படிப்பட்ட பெயர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார்.

"பான்னா எல்லாம். சைட்டோன்னா அணு. பீனியான்னா பஞ்சம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, மூணுக்கும் பஞ்சம். அதனாலதான் மூச்சு வாங்குது, காய்ச்சல் வருது, ரத்தம் கசியுது."

"இவ்ளோ இரும்புச்சத்து துன்னனே மேடம்?"

"இரும்பு உரம் மாதிரி. உங்களுக்கு நாத்தங்காலே காஞ்சு போயிருக்கு. மஜ்ஜைதான் அணுக்களை வளர்த்து அனுப்பற எடம். அங்க நாத்தே இல்லாதப்ப உரத்தைக் கொட்டினா அது ஒடம்புல தேங்கித்தான் கெடக்கும். சுவரொட்டியை நிறுத்துங்க."

விதைக்கடைக்காரிக்கு அது போதும். எல்லாம் புரிந்துவிட்டது. இன்னொருவரின் மஜ்ஜையை எனக்குள் விதைக்க வேண்டும். தம்பியின் கன்னத்துக்குள் பஞ்சால் துடைத்து எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முழுசாகப் பொருந்துகிறது என்று பதில் வந்தது. டாக்டரம்மா முகத்திலேயே வெளிச்சம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்.

"சென்னையில மஜ்ஜை மாத்தத் தேதி கெடைக்கிற வரைக்கும் இவங்களுக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கணும். தம்பி மட்டும் குடுக்கவே கூடாது. சொந்தக்காரங்க யாருமே வேணாம். இப்பவே உங்க ரத்தம் உள்ள போனா, இவங்க ஒடம்பு அதை எதிரியா அடையாளம் வெச்சுக்கலாம். அப்புறம் உங்க மஜ்ஜையை வெச்சா ஏத்துக்காம தள்ளிடும்."

அறிவுச்செல்வன் தலையை ஆட்டினான். அவன் காதில் விழுந்தது 'கூடாது' மட்டும்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். கண்டவன் ரத்தத்த எங்கக்காவுக்கு ஏத்துவாங்களாம். எவன் எந்த ஊரோ, என்ன ஆளோ."

கரும்பு வயல்கள் மிதந்து வந்துகொண்டிருந்தன.

அடுத்த முறை ரத்தம் ஏற்றத் திண்டிவனத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் படுத்தேன். வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் ஏறிக்கொண்டது. ஹீமோகுளோபின் நாலு. மின்விசிறி சுற்றுகிறதா, அறை சுற்றுகிறதா என்று பிடிபடவில்லை. நர்ஸ் பையை மாட்டினார். குழாயின் நுனிவரை ரத்தம் மெதுவாக இறங்கி நின்றது. பார்த்ததும் உடம்பே ஏங்கியது. அது உள்ளே வந்தால் மூச்சு வரும், படி ஏறலாம், சோறு ருசிக்கும்.

தம்பி கால்மாட்டில் நின்று என்றுமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கை மடிப்பில் ஒரு தும்பைப்பூ ஒட்டியிருந்தது. இவன் ஏன் கையில் பூ வைத்திருக்கிறான்? கண்ணை மூடித் திறந்தேன். பூவில்லை. பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.

நர்ஸ் குழாயை என் கையில் இணைக்கக் குனிந்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"இருங்க சிஸ்டர்! டேய், இது யாரு ரத்தம்?"

அவன் சிரிப்பு போயிற்று. "என்னுதுதான்க்கா. நேத்தே குடுத்துட்டேன். பக்கத்து வயக்காரன்னு சொல்லி, ஒனக்குத்தான் ஏத்தணும்னு கேட்டுக்கினு..."

நர்ஸ் பதறிப்போய்க் குழாயை மூடினார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்தேவிட்டேன். எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது.

"என்னைக் கொல்லப் பாத்தியேடா!"

"ஏன்க்கா, என் ரத்தம் ஒனக்கு ஆவாதா?" மீசை வைத்த ஆம்பளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தையாட்டம் அழுதான்.

அழ விட்டேன். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, டாக்டரம்மா சொன்னதை அவன் மொழியிலேயே சொன்னேன்.

"இந்த ஒரு பை எனக்கு பத்து நாளைக்குத் தாங்கும். ஒன் எலும்புக்குள்ள இருக்கிறது ஆயுசுக்கும் தாங்கும். நான் அதுக்குத்தான்டா காத்துக்கினு கெடக்கிறேன். இத ஏத்தி அத கெடுத்துக்கச் சொல்றியா?"

அவன் ரத்தப் பையைக் கழற்றி எடுத்துப் போனார்கள். வேறு பை விழுப்புரத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதுவரை மூச்சுக்காக வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். அவன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் எட்டிப் பார்த்தான். "ஜல்தியா வரச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினான்.

சாயங்காலம் பை வந்தது.

"யாருதுங்க சிஸ்டர் இது?" என்று கேட்டான்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

அவன் வாயைத் திறந்தான். எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முதல் சொட்டு இறங்கி என் கைக்குள் போவதைப் பார்த்தான். அந்தப் பையை நோக்கி, கோயிலில் நிற்பதுபோலக் கைகூப்பினான்.

"யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றான்.