அசையாத பூஜ்யம்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் யார் என்று பார்க்கமாட்டேன். அன்று எதிரில் இருந்தது ஒரு சர்க்யூட் போர்டு. அதுவும் நானே வடிவமைத்தது.

தொட்டிக்குள் மூச்சை அடைக்கும் பெயிண்ட் தின்னர் ஆவி இருக்கிறதா என்று முகர்ந்து சொல்லும் கருவி அது. முகரும் சென்சாருக்குச் சரியாக ஐந்து வோல்ட் வேண்டும். கூடினால் கருகும், குறைந்தால் உளறும். அந்த ஐந்து வோல்ட்டுக்குக் காவல் போடத்தான் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ப்ளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்தாலும், பன்னிரண்டு வோல்ட் கேட்கும் இடத்தில் இருபத்துநான்கைக் கொடுத்தாலும், போர்டு கம்மென்று இருக்கும். "இதைக் கொல்லவே முடியாது போலிருக்கே!" என்றார் முதலாளி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதல் கருவியை ஒரு பெயிண்ட் ஆலையில் முந்தின வாரமே மாட்டிவிட்டோம். அங்கே தொட்டிகளைச் சுரண்டிக் கழுவுவது என் தம்பியின் வேலை. அன்று காலை பத்தரைக்கு ஒரு தொட்டியில் இறங்குவதாக இருந்தான்.

ஒரு சோதனையை மட்டும் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். யார் போய் சென்சார் கேபிளை நசுக்கப்போகிறார்கள் என்ற அசட்டை. பதினொன்றுக்கு, சும்மா கடமைக்கு, மேஜைமேல் இருந்த போர்டின் கேபிளைக் குறடால் நசுக்கினேன். உள்ளே வயர்கள் ஒட்டி ஷார்ட் ஆயின. ஃபியூஸ் சூடாகி, ஐந்து வோல்ட்டை நிறுத்தியது. எதுவும் கருகவில்லை. சபாஷ் என்று டிஸ்பிளேயைப் பார்த்தேன்.

பூஜ்யம். பக்கத்தில் பச்சை விளக்கு.

டிஸ்பிளேக்கு நான் தனி சப்ளை கொடுத்திருந்தேன். சென்சார் செத்தாலும் அது எரியும். செத்த சென்சாரிலிருந்து வருவது பூஜ்யம் வோல்ட். பூஜ்யம் என்றால் காற்று சுத்தம் என்று கணக்கு எழுதியவளும் நான்தான். போர்டைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்து, அதை நம்பி இறங்குகிறவனைக் கோட்டை விட்டிருந்தேன். அடிப்பாவி!

தம்பிக்கு அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது. தொட்டிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆலை சூப்பர்வைசருக்கு அடித்தேன்.

"சார், தம்பி உள்ள இருக்கானா?"

"இறங்கி அரை மணி நேரம் ஆச்சு மேடம். உங்க மிஷின் சூப்பரா வேலை செய்யுது. ஜீரோ, பச்சை லைட்டு."

"நம்பர் ஒண்ணு ரெண்டுன்னு ஆடுதா?"

"ஆடவே இல்ல மேடம். ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

உயிருள்ள சென்சார் ஒருநாளும் அப்படி நிற்காது. எப்போதும் கொஞ்சம் துடித்துக்கொண்டே இருக்கும்.

"உடனே அவனை வெளிய இழுங்க!"

"என்ன மேடம் இது? நேத்தே ஒரு நாள் வீணாப்போச்சு. பச்சை எரியும்போது நான் எப்படி வேலைய நிறுத்துறது?"

"கை கழுவுற சானிடைசர் இருக்கா? துணியில நனைச்சு, தொட்டி வாயில தொங்குற சென்சார்கிட்ட காட்டுங்க. ஓடுங்க!"

அவர் நடக்கிற சத்தம் கேட்டது. ஓடவில்லை, நடந்தார். நான் நகத்தைக் கடித்தேன், ரத்தம் வந்தது.

"காட்டிட்டேன். ஜீரோதான் மேடம். பார்த்தீங்களா, நல்லாத்தான் இருக்கு."

"யோவ்! சானிடைசர்ல இருக்கிற ஸ்பிரிட்டுக்கு நம்பர் எகிறணும்யா! சென்சார் செத்துப்போச்சு! அவனைக் கட்டியிருக்கிற கயிறை இழு!"

சென்சார் கேபிள்மேல் கனமான தொட்டி மூடியை வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் யாரோ கத்தினார். அப்புறம் பல குரல்கள். "குரல் கொடுடா!" என்றது ஒன்று. பதில் இல்லை. "மெதுவா, தோள் மாட்டிக்கும்," என்றது இன்னொன்று. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

இருமல் கேட்டது. நீளமான, குடலைப் பிடுங்குகிற இருமல். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆலைக்குப் போனபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு ஆம்புலன்ஸில் சாய்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் மாஸ்க்கை விலக்கினான்.

"எருமை, ஏன்டா கை மீட்டர்ல ஆவி பார்க்காம இறங்கின?" என்றேன்.

"அது வர லேட்டாச்சுக்கா. பசங்க இரு, இருன்னாங்க. எங்க அக்கா செஞ்ச மிஷின் பச்சை காட்டுது, வேற என்ன வேணும்னு நான்தான் இறங்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். "உள்ள ஆவின்னு அதுதானே உனக்குத் தகவல் அனுப்புச்சு? பெரிய ஆளுக்கா நீ. என்னைக் காப்பாத்திட்ட."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு எல்லாம் சுலபம். அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லடா," என்றேன். "உன்னை உள்ள அனுப்பினதே அதுதான்."