ஆரியசாலையில் தோடு திறந்த கதை

மழை வலுத்தால் ஆரியசாலை பஜார்க் கடைகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ரத்னாபாயின் அரிசிக்கடையில் அடிவரிசை மூட்டைகள் வருஷா வருஷம் நனைந்து நாறும். கடைகளின் பின்னால் ஓடிய தோடு என்னும் சிற்றோடையை ஆளுக்குக் கொஞ்சமாக மூடிக் கட்டிடம் எழுப்பிவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வியாபாரிகள் கூட்டத்தில் மட்டும் யாரும் அதைப் பேசமாட்டார்கள். பம்பு வாங்கலாம், ரோட்டை உயர்த்தலாம் என்று சொல்லிக் கலைவார்கள்.

இந்தத் தடவை ரத்னாபாய் எழுந்து நின்றாள்.

"தோட்டுக்க மேலதான் எனக்க குடோன் நிக்குது. நாளைக்கு இடிக்கப்போறேன்."

"சேச்சிக்கு வட்டு பிடிச்சாச்சு, பைத்தியந்தான்!" பக்கத்து இரும்புக்கடை ஸ்ரீகண்டன் சொன்னதும் கூட்டமே சிரித்தது.

வீட்டில் அவள் புருஷன் சத்தியதாஸ் சோற்றைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய குடோன் அது.

"மூட்டையை எங்க கொண்டு வைப்ப?"

"மாடியில அடுக்குவோம். நனையாம இருந்தா போராதா?"

காலையில் கூரைத் தகட்டை முதலில் கழற்றியது அவர்தான்.

தோட்டை மூடியிருந்த கான்கிரீட் சிலாபுகளைப் பெயர்த்துச் சேற்றை அள்ளினார்கள். நாற்றம் தாங்காமல் தெருவே மூக்கைப் பொத்தியது. அடியில் பழைய வெட்டுக்கல் கரை உறுதியாக இருந்தது.

ஒரு மத்தியானம் மழை பிடித்தது. தெருத் தண்ணீரெல்லாம் திறந்த தோட்டில் இறங்கிப் பாய்ந்தது. தோட்டுக்குக் குறுக்கே நின்ற ஸ்ரீகண்டனின் பின்சுவரில் மோதி, மேற்கொண்டு போக வழியில்லாமல் மட்டம் ஏறத் தொடங்கியது. பஜாரே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஸ்ரீகண்டண்ணே, வெள்ளம் வழி கேக்குது, கேட்டேளா?" என்றாள் ரத்னாபாய்.

அவர் முகம் கறுத்தது. விறுவிறுவென்று கடைக்குள் போனார். விற்க வைத்திருந்த புதுக் கடப்பாரைகளை அள்ளிவந்து, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் முன்னால் போட்டார்.

"எடுங்கடே! சுவரைப் பொளிங்க!"

முதல் குத்து அவருடையது. சுவர் சரிந்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு கிள்ளியாற்றை நோக்கி ஓடியது. தெருவில் முழங்காலுக்கு நின்றது கணுக்காலுக்கு இறங்கி, ரோடு தெரிந்தது. சுமட்டுக்காரர்கள் கூவினார்கள். சத்தியதாஸ் நனைந்த வேட்டியோடு கைதட்டினார். ரத்னாபாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஓணத்துக்குள் மற்றவர்களும் சிலாபுகளைத் தூக்கிவிட்டார்கள். தோட்டுக்கரையில் சாயாக்கடை வந்தது. ஜவுளிக்கடைகள் அந்தப் பக்கமும் வாசல் வெட்டின. துலா மாதம் என்கிற ஐப்பசியில் பேய்மழை கொட்டியபோது ஆரியசாலையில் ஒரு கடைகூட ஷட்டரை இறக்கவில்லை. குடை பிடித்து வந்தவர்களுக்கு ரத்னாபாய் அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.