ஏழு வெற்றுக் கட்டங்கள்

துணியை விலக்கியதும் அவள் முதலில் பார்த்தது காதைத்தான். இத்தனை வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கிடந்த காது அது இல்லை. பிறகுதான் முகத்துக்கு வந்தாள்.

"இவரு இல்லப்பா," என்றாள்.

பிணவறை ஊழியர் துணியைப் பிடித்தபடியே நின்றார். போனவரைப் போனவர் என்று ஒத்துக்கொள்ள மனசு வராமல் இப்படிச் சாதிக்கிறவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். "போன பிறகு முகம் கொஞ்சம் மாறும்மா. நிதானமாப் பாருங்க," என்றார்.

"முகம் மாறட்டும். ராத்திரியோட ராத்திரியா மீசையுமா முளைக்கும்?"

மகள் முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, அம்மா சொல்றது சரிதான். எங்க அப்பா இல்ல இது. யாரோ பெரியவரு."

அதற்கு மேல் அந்த ஆள் அங்கே நிற்கவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். அவர் பின்னால் மகளும், மகள் பின்னால் முட்டிவலியோடு அவளும் ஏறினார்கள். நேற்றுச் சாயங்காலம் வார்டில் மூச்சு முட்டிக் கணவர் போனபோதுகூட அவள் இவ்வளவு பதறவில்லை. வயசாயிற்று, நோவும் இருந்தது, போய்விட்டார். ஆனால் போனவரையே காணோம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பதிவு கவுண்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. ஊழியர் சொல்லச் சொல்ல முகம் வெளுத்துவிட்டது. எதிரே பழைய கறுப்புத் திரை. அதில் பச்சை நிறத்தில் வரிசையாகப் பேர்கள். மற்றப் பேரெல்லாம் பளிச்சென்று இருக்க, நடுவில் ஒரு வரியில் மட்டும் ஏழு கட்டங்கள். உள்ளே புள்ளிகூட இல்லை.

"இதுதான் உங்க வீட்டுக்காரரு," என்று அந்த வரியில் விரலை வைத்தாள் அந்தப் பெண்.

"இதா? இதுல பேரு எங்கம்மா இருக்கு?"

"உங்க மொழி எழுத்துல பேரு இருந்தா இப்படித்தான் வரும். உள்ள சரியாத்தான் இருக்கும், திரைக்குக் காட்டத் தெரியாது. அவ்வளவுதான்."

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. "என்னம்மா பேசற நீ? இந்த ஆஸ்பத்திரி மிஷினுக்கு எங்க எழுத்தை ஏத்தினதே எங்க வீட்டுக்காரருதான். இங்கதான் முப்பது வருஷம் குப்பை கொட்டினாரு. எழுத்து வரைஞ்சது நானு. தெரிஞ்சாத் தெரிஞ்ச மாதிரி பேசு, இல்லன்னா பெரியவங்க யாரையாவது கூப்பிடு."

அந்தப் பெண் போனை எடுத்துக் கம்பியைக் கூப்பிட்டாள்.

கம்பி என்பது அவனுக்குக் கணவர் வைத்த பேர். ஆளும் கம்பி, பார்க்கிற வேலையும் கம்பி இழுக்கிற வேலை. கணவருக்குக் கீழே எடுபிடியாகச் சேர்ந்தவன்; அவர் ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திரைகளுக்கெல்லாம் அவனே பொறுப்பு. நேற்று வார்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதவன். இப்போது வந்த வேகத்தில் அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஏதேதோ தட்டினான். ஏழு கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரி எழும்பியது. அதிலும் ஏழு கட்டங்கள்.

"அட கடவுளே," என்றான் கம்பி.

நடந்தது இவ்வளவுதான். அதே வார்டில், அதே சாயங்காலம், அவர்கள் மொழிக்காரர் இன்னொருத்தரும் போயிருக்கிறார். அவர் பேருக்கும் ஏழு கட்டம். ராத்திரி இருந்த குமாஸ்தா, ஒரே ஆளைத் தெரியாமல் இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து, பொறுப்பாக ஒன்றை அழித்துவிட்டார். காலையில் அந்த இன்னொருத்தருக்காக முதலில் வந்த வண்டிக்காரர் ஏழு கட்டத்தைக் கேட்டார், கீழே இருந்தவர்கள் ஏழு கட்டத்தைக் கொடுத்தார்கள். பெட்டியை மூடி ஆணியும் அடித்துத் தந்தார்கள். போனது அவளுடைய கணவர்.

"எங்க கொண்டு போனாங்க?" என்று மகள் கத்தினாள்.

"தகன நிலையத்துக்கு. பதினோரு மணிக்கு நேரம் குடுத்திருக்கு."

சுவரில் கடிகாரம் பதினொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பி வண்டிக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். அவள் கவுண்டர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். 'ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குள் எரித்துவிடாதே' என்று யாரையென்று இல்லாமல் வேண்டினாள். மகள் பக்கத்தில் நின்று அழுகையும் திட்டுமாக யாரிடமோ போனில் வழி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டிக்காரர் எடுத்துவிட்டார். கம்பி கத்திய கத்தலில் வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். வண்டிக்காரர் உள்ளே ஓடிப் பார்த்து வரும்வரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். பிறகு கம்பி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இன்னும் உள்ள தள்ளலக்கா. திறந்து பாத்துட்டாங்க, மீசை இல்லையாம். திருப்பிக் கொண்டு வராங்க," என்றான்.

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் தண்ணீர் கொடுத்தாள். உயிர் திரும்பியதும் கோபமும் திரும்பிவிட்டது.

"ஏன் தம்பி, எந்தப் புண்ணியவான் எங்க எழுத்தை அழிச்சான்? அவரு வேலைய விட்டுப் போனதும் தூக்கிட்டீங்களா? அந்த மனுஷன் இருந்தா இப்படி நடக்க விடுவாரா? எழுத்துக்காக எவ்வளவு பாடுபட்டாரு!"

பாடுபட்டதில் பாதி அவளுடையது. அந்தத் திரையில் எழுத்துக்கு இடம் அளவாகத்தான் உண்டு. ஐந்நூற்றுச் சொச்சம் அறை உள்ள விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை கிடைக்காத எழுத்து வந்தால் அதற்குப் பதில் ஒரு வெற்றுக் கட்டம் வந்து நிற்கும். ஊரில் இருக்கிற அத்தனை மொழிக்கும் அதற்குள்தான் பங்கு. ஒவ்வொரு எழுத்தையும் எட்டுப் புள்ளி அகலத்தில், பதினாறு புள்ளி உயரத்தில் வரைந்தாக வேண்டும். கணவருக்குக் கணக்கு வரும், கை வராது. அவளுக்குக் கை வரும். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கட்டம் போட்ட தாளை விரித்து, ஒவ்வொரு கட்டமாகக் கறுப்படித்தாள். மூன்று சுழி 'ண'வை எட்டுக் கட்டத்துக்குள் அடக்குவதற்குள் உயிர் போய்ப் போய் வந்தது. அடங்கவே அடங்காது என்றானபோது, இடது பாதிக்கு ஒரு அறை, வலது பாதிக்கு ஒரு அறை என்று பிரித்து ஒட்டவைத்தவளும் அவள்தான். கணவர் மேஜையிலிருந்து நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அடி மூணுசுழி, பிழைச்சுட்டோம்டி!" என்று குதித்தார். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் அதுதான் பேர். அவள் மூக்குக்கண்ணாடியின் கனமும் அன்றிலிருந்துதான் ஏற ஆரம்பித்தது.

கம்பி விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான் கேக்கறேன். எப்போ எடுத்தீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா. அவரு வரட்டும். முதல்ல ஆக வேண்டியதப் பாப்போம்."

கவுண்டர் பெண் சும்மா இருந்திருக்கலாம். பாவம், தன் மேல் பழி வந்துவிடுமே என்ற பயம். "நாங்க யாரும் எடுக்கலம்மா. இங்க இருபது வருஷமா இருக்கிற அக்காவே சொல்லுவாங்க, ஆரம்பத்துலேருந்து உங்க எழுத்துக்குக் கட்டந்தான்னு."

"ஆரம்பத்துலேருந்தா?" அவள் கம்பியைப் பார்த்தாள். "தம்பி, எம்முகத்தப் பாத்துச் சொல்லு. என் எழுத்து எத்தன நாள் இதுல இருந்துச்சு?"

கம்பி முகத்தைப் பார்க்கவில்லை. "இருக்கவே இல்லக்கா," என்றான்.

"அம்மா, விடும்மா," என்று மகள் கையைப் பிடித்தாள். அவள் உதறினாள்.

"உங்களுக்குத் தெரியும்னுதான் நான் இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்," என்றான் கம்பி. "எந்தெந்த எழுத்த ஏத்தறதுன்னு முடிவு பண்ற கடைசிக் கூட்டத்துல இடம் பத்தலன்னு வந்துச்சு. மேலதிகாரிக்கு அட்டவணைக்கெல்லாம் அழகாக் கோடு போடணும், கோடும் இதுல எழுத்துக் கணக்குதான், அதுக்கே அம்பது அறுவது இடம் வேணும். இன்னொரு மொழிக்காரங்க வேற, எங்களது வரலன்னா மனு குடுப்போம்னு நின்னாங்க. யாராவது ஒருத்தர் வெளிய போகணும். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தாங்க. சார்தான் எழுந்திரிச்சு, எங்களோடத எடுத்துடுங்க, எங்க ஆளுங்க ஏன்னு கேக்க மாட்டாங்கன்னாரு. நான் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன்க்கா. என் காதால கேட்டேன்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான். அந்த மாசமே பிரிவுத் தலைவராக்கிட்டாங்க."

அந்த மாசம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு பெரிய கேக்கோடு வந்தார். "மூணுசுழி, உன் எழுத்து ஏறிடுச்சுடி! ஊரே இனி உன் கையெழுத்துலதான் பேரப் பாக்கும்!" என்று அவள் வாயில் ஊட்டிவிட்டார். வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் அவள் வரைந்த எழுத்துகள் பச்சையாக ஓடின. பிரித்து ஒட்டிய 'ண'கூட ஒட்டுத் தெரியாமல் நின்றது. அவள் அழுதுவிட்டாள். உலகத்திலேயே அந்த எழுத்துகள் ஓடிய ஒரே பெட்டி அதுதான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. இப்படி ஒரு பச்சைப் பொய்யைக் கேக்கோடு சேர்த்து ஊட்டியிருக்கிறான் மனுஷன்!

பக்கத்து வீட்டுத் தையற்காரி ஒருதரம் வந்து, "உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில எங்க மாமியார் பேரு கட்டங்கட்டமா வருதே," என்று யதார்த்தமாகத்தான் கேட்டாள். பொறாமை பிடித்தவள் என்று இவள்தான் அவளை வாசலோடு விரட்டிவிட்டாள். பிறகு அந்தச் சிநேகிதி வீடு மாறிப் போகும்வரை இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. அன்று ராத்திரி கணவரிடம் சொன்னபோது அவர் என்ன சொன்னார்? "அவ கெடக்கறா, விடு," என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அதைவிட இன்னொன்று நினைவுக்கு வந்து அவளைக் குடைந்தது. பித்தப்பை அறுவைக்கு வந்தபோதும் சரி, கண்ணைக் காட்ட வந்தபோதும் சரி, அவர் அவளைக் கவுண்டர் பக்கமே விட்டதில்லை. "நீ உக்காரு, கூட்டமா இருக்கு, நான் பாத்துக்கறேன்," என்று தோளைத் தொட்டுப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போவார். இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அவளுக்கும் பெருமையாக இருக்கும். கவுண்டரில் அவள் பேர் கட்டமாக நிற்பதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அத்தனை கரிசனம்.

அவள் எழுந்தாள்.

"வண்டி வர நேரம் ஆகும்மா. கேன்டீன்ல ஏதாவது குடிச்சிட்டு வரலாம் வா," என்றாள் மகள்.

"நீ போ. எனக்கு வேண்டாம்."

படியிறங்கிக் கீழே போனாள். பிணவறையில் ஊழியர் போட்டுவிட்டு ஓடிய துணி கோணலாகக் கிடந்தது. மீசைக்காரப் பெரியவரின் ஒரு தோள் வெளியே தெரிந்தது. அவள் துணியைச் சரிசெய்தாள். சுவரோரம் இருந்த பெஞ்சை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊழியர் வந்து பார்த்தார்.

"அம்மா, இங்க குளிரும்."

"குளிரட்டும். இவரு பேரு என்னப்பா?"

"எனக்கென்ன தெரியும்மா? சீட்டுலயும் கட்டந்தான் அச்சாயிருக்கு."

அவர் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் போர்த்திக்கொண்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள்; வரவில்லை. கணவரை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல ஆத்திரம்தான் வந்தது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. என்ன சாமர்த்தியம், கடைசிவரை மாட்டிக்கொள்ளாமலே தப்பித்துவிட்டார்!

வெகுநேரம் கழித்து வெளியே வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. வராந்தாவில் சக்கரம் உருளும் சத்தம் பக்கத்து அறைக்குள் போயிற்று. வண்டியோடு வந்த ஒரு பெண் மட்டும் இந்த அறைக்குள் ஓடிவந்தாள். வெளியூரிலிருந்து நேராகத் தகன நிலையத்துக்குப் போனவள் போலிருந்தது. பயணப்பை இன்னும் தோளிலேயே தொங்கியது. மீசைக்காரரைப் பார்த்ததும் "அப்பா," என்று கட்டில் விளிம்பில் சாய்ந்துவிட்டாள். அழுது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பெஞ்சில் ஒருத்தி இருப்பதைக் கவனித்தாள்.

"நீங்க யாரும்மா?"

"சும்மா கூட இருந்தேன் கண்ணு. தனியா இருந்தாரு."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

மகள் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, அப்பாவக் கொண்டு வந்துட்டாங்க. வா, வந்து பாரு."

அவள் திரும்பவில்லை.

"அம்மா, அடையாளம் சொல்லணுமாம். வீட்டுக்காரம்மா வரணும்னு சொல்றாங்க. வாம்மா."

"நீ அவரு பொண்ணுதானே. நீயே பாத்துச் சொல்லிடு," என்றாள்.

மகள் மட்டும் போனாள். பக்கத்து அறையில் ஊழியர் ஏதோ கேட்பதும், மகள் ஆமாம் என்பதும் கேட்டன.

"உங்க அப்பா பேரு என்ன கண்ணு?" என்று அவள் கேட்டாள்.

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவள் அந்தப் பேரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் சற்று நகர்ந்து அந்தப் பெண்ணுக்கும் இடம் விட்டாள்.