மூவாயிரமும் ஒரே சீசாவில்

எங்கள் கராஜுக்கு மூன்று சாவிகள். ஒன்று என் கணவர் ஹார்லனிடம், ஒன்று சமையலறை ஆணியில், மூன்றாவது மார்லாவிடம். அந்த மூன்றாவது சாவியை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியவள் இப்படிச் சொல்கிறேனே என்று எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

மார்லா எங்கள் ஊர்த் தபாலாபீஸில் வேலை பார்ப்பவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், புருஷனை விட்டு விலகியவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வந்துவிடுவாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து, சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகளை மறுபடி ரொப்புவார்கள். அடியில் பொட்டு மாதிரி ஒரு பிரைமரைப் பதித்து, உள்ளே வெடிமருந்து போட்டு, முனையில் குண்டைச் செருக வேண்டும். எங்கள் மொண்டானா மாநிலத்தில் பாதி வீட்டில் நடக்கிற வேலைதான், ஒற்றை ஆள் செய்துவிடலாம். இதற்கு எதற்கு ஜோடி? என்னிடம் ஹார்லன் பேசுவது மாடு, மழை, உப்பு. கராஜில் அவர் சிரிக்கிற சத்தம் மட்டும் என் சமையலறை வரைக்கும் வரும்.

தப்பாக ஒன்றும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பிரைமர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மார்லா எங்கெங்கோ சொல்லிவைத்து மூவாயிரம் வாங்கிவிட்டாள். அதை வைக்க இடம் வேண்டுமென்று ஹார்லன் என்ன செய்தார் தெரியுமா? நான் பாடுபட்டுக் காய்ச்சி வைத்த காட்டுச் செர்ரி ஜாம் சீசாக்களைக் கராஜ் அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவாள் என்று நான் முனகியது அவர் காதில் விழவில்லை.

அக்டோபரில் ஹார்லன் இரண்டு நாள் மான் வேட்டைக்கு மலைக்குப் போனார். வியாழக்கிழமை மத்தியானம் நான் ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனேன். அலமாரி முழுக்க அவள் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் தேதி. ஒரு பெட்டியைப் பிரித்தேன். பொத்தானைவிடச் சின்னதாக நூறு பிரைமர், அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி. மொத்தச் சரக்கையும் கொட்டினால் ஒரு சீசாகூட நிறையாது, அதற்கு என் அலமாரி முழுக்க வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. கழுவிக் கவிழ்த்த ஜாம் சீசா ஒன்றை எடுத்தேன். தட்டுத் தட்டாகத் தட்டிக் கொட்டினேன். முப்பது தட்டு. பீன்ஸை டப்பாவில் கொட்டுகிற மாதிரிதான் கொட்டினேன். அடங்கட்டும் என்று சீசாவை ஒரு குலுக்குக்கூடக் குலுக்கினேன்.

ஜாம் சீசாக்களைப் பழையபடி அலமாரியில் அடுக்கினேன். பெட்டிகளையும் தட்டுகளையும் கொல்லையில் குப்பை எரிக்கிற பீப்பாயில் போட்டு நெருப்பு வைத்தேன். அவள் கையெழுத்து கருகுவதைப் பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது.

அப்போது பீப்பாய்க்குள் டப்பென்று ஒன்று வெடித்தது. ஏதோ ஒரு குழியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றைப் பிரைமர். தகரத்தில் ஏதோ வந்து அறைந்ததில் பீப்பாயே அதிர்ந்தது. ஒன்றுக்கே இந்தப் பாடு என்றால் மூவாயிரம் ஒரே சீசாவில் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து மார்லாவின் வண்டி வந்து நின்றது. சாப்பாட்டு இடைவேளையில் ஏதோ எடுக்க வந்தாளாம். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவளிடமே சொன்னேன். காட்டுவதற்காக நான் உள்ளே போக, அவள் கராஜ் வாசலில் நின்று சீசாவைப் பார்த்தாள்.

"எதுலயும் கை வைக்காதீங்க ஆர்டிஸ். மெதுவா வெளிய வாங்க. ஒன்னு வெடிச்சாப் பக்கத்துல இருக்கறது வெடிக்கும், அப்புறம் மொத்தமும். அதுக்காகத்தான் அவ்ளோ பெரிய பெட்டில ஒன்ன ஒன்னு தொடாம வச்சு கம்பெனிக்காரன் அனுப்பறான்."

தீயணைப்புக்காரருக்குப் போன் போட்டாள். எங்கள் ஊரில் சம்பளமில்லாத தொண்டு ஆட்கள்தானே, எல்லாரும் வேட்டைக்குப் போயிருந்தார்கள், வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். அந்தச் சீசாவுக்கு மூன்றடியில் கேஸ் அடுப்பும் வெடிமருந்து டப்பாக்களும் இருந்தன. காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டினாள், நைலான் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தாள், நைலான் உரசி உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று கதவின் இரும்புப் பிடியைத் தொட்டாள். பிறகு சீசாவை அசைக்காமல் சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வீரியம் குறையட்டும் என்று எண்ணெய் ஊற்றிய சமையலறைத் தட்டுகளில் பரப்ப ஆரம்பித்தாள்.

நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலுக்கு நடுவிலேயே, ஆகிவிட்டால்தான் என்ன, ஞாயிற்றுக்கிழமை கராஜ் அமைதியாக இருக்கும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. பொறாமை அப்படிப்பட்ட நாய்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து புல்லிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். ரைபிள் பிரைமரும் பிஸ்டல் பிரைமரும் கலந்துவிட்டன, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல, அட்டையைப் பார்த்துத்தான் தெரியும், இனி எதுவும் உதவாது என்றாள். ஆக, ஹார்லனுக்குத் தெரியாமல் மறைக்க வழியில்லை.

"அவர் தம்பி எம்மெட்டுக்கு ஒத்தக் கண்ணு போனது எப்படின்னு சொல்லிருக்காரா?" என்று கேட்டாள்.

முள்கம்பி குத்தியது என்றுதான் எனக்குத் தெரியும். இல்லையாம். பதினாறு வயதில் பிரைமர்களை ஒரு காப்பி டப்பாவில் கொட்டி வைத்திருந்தானாம். ஹார்லன் பக்கத்திலேயே நின்றிருந்தாராம். இருபத்தாறு வருஷத்தில் எனக்குச் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளை அப்படியே அறையலாமா என்றிருந்தது.

"அவர் இத மன்னிக்கவே மாட்டாரு. நான் பண்ணேன்னு சொல்லிக்கறேன். நான் அவரோட தோட்டாதான் ரொப்பறேன், நீங்க அவரோட வாழறீங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. தண்ணீர்க் கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹார்லன் வந்ததும் அவளும் வந்தாள். இடம் அடைக்கிறது என்று சீசாவில் கொட்டினேன், அட்டையை எரித்தேன் என்று நேராகவே சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார்.

சனிக்கிழமைக்குள் துப்பாக்கி சுடும் கிளப் முழுக்கச் சேதி போய்விட்டது. அவர்களும் அவளைச் சுடுகளத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோடையில் ஆயிரம் கஜப் போட்டியில் ஹார்லனையே தோற்கடித்தவள் அவள். தபாலாபீஸில் அவள் ஜன்னலுக்கு நான் போவதில்லை, பக்கத்து ஜன்னல் வரிசையில் நின்றுகொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு ஹார்லன் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். மார்லா உட்கார்ந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் எதற்கு ஏங்கினேனோ அது கிடைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கூடுகளை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே எம்மெட் கதையை ஆரம்பித்தார். காப்பி டப்பா, சத்தம், தம்பியின் முகம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. இப்படி என்னிடம் அவர் பேசி எத்தனையோ வருஷமாகிறது.

"மார்லாவுக்கு இது எல்லாம் தெரியும், ஆர்டிஸ். தெரிஞ்சுக்கிட்டே செஞ்சிருக்கா, அதான் பொறுக்கல" என்றார். "தெரியாத யாராவது செஞ்சிருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டு அன்னிக்கே விட்டிருப்பேன். இதோ, நீயே செஞ்சிருந்தாலும் என்ன பண்ணிருக்கப் போறேன்?"

நான் அடுத்த கூட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.